ஆற்றைத் தாய் என்றது போதும், உரிமை கொடுங்கள்

இயற்கை, பெண்கள், சர்வதேசச் சட்டம்: எங்கள் பெண்கள் அமைப்பின் நிலைப்பாடு

பெரு நாட்டின் லொரெட்டோ பகுதியில் ஓடும் மரஞோன் ஆற்றில், குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கலப்பது பல ஆண்டுத் துயரம். கரையில் வாழும் கூக்கமா பழங்குடிப் பெண்களின் கூட்டமைப்பு 2021இல் நீதிமன்றம் சென்றது. ஆற்றுக்கே உரிமை உண்டு என்று வாதாடியது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அதை ஏற்றது. தடையின்றி ஓடவும் மாசின்றி இருக்கவும் மரஞோனுக்கு உரிமை உண்டு. அரசோடு பழங்குடி அமைப்புகளும் அதன் காவலர்கள் என்றது.

ஓர் ஆற்றங்கரைப் பெண்கள் எட்டிய இந்த இடத்தைச் சர்வதேசச் சட்டம் இன்னும் எட்டவில்லை. 1992ஆம் ஆண்டு ரியோ பிரகடனத்தின் 2ஆம் கோட்பாடு, தம் வளங்களைப் பயன்படுத்தும் இறையாண்மையை அரசுகளுக்குத் தருகிறது. 20ஆம் கோட்பாடு, சுற்றுச்சூழல் பராமரிப்பில் பெண்களுக்கு முக்கியப் பங்கு உண்டு என்கிறது. உடைமை அரசுக்கு, உழைப்பு பெண்ணுக்கு. நம் வீடுகளில் பார்த்துப் பழகிய பாகப்பிரிவினைதான் இது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் 'தாய் இயற்கை'யை உரிமைகள் கொண்ட சட்ட நபராக அறிவித்தது. அத்தீர்ப்பை வரவேற்கிறோம். 'தாய்' என்ற சொல்லில் மட்டும் எங்களுக்கு உடன்பாடில்லை. தாய் என்றால் கேட்காமல் கொடுப்பவள், எதையும் பொறுப்பவள் என்று பழகிய சமூகம் இது. அந்தப் பொறுமையை ஆற்றின் மீதும் ஏற்றினால், மணல் அள்ளுவோருக்கும் சாயக்கழிவு விடுவோருக்கும்தான் வசதி.

பெண்கள் பிறவியிலேயே இயற்கைக்கு நெருக்கமானவர்கள் என்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. தண்ணீர் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் அவர்கள் தலையில் விழுந்ததால், கேடு முதலில் அவர்களுக்குத் தெரிகிறது. உழைப்பில் விளைந்த அந்த அறிவுக்குச் சட்டத்தில் இடம் வேண்டும்.

எனவே நாங்கள் கோருவது:

1. ஆற்றுக்கும் காட்டுக்கும் உரிமை தரும் எந்தச் சட்டமும், அங்கு வாழும் பெண்களுக்குக் காவலர் குழுவில் முடிவெடுக்கும் வாக்கைத் தர வேண்டும்.

2. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனம், சுற்றுச்சூழல் அழிப்பைப் போர்க்காலக் குற்றமாக மட்டுமே வெளிப்படையாகச் சொல்கிறது. அமைதிக் காலத்துக்கும் பொருந்தும் தனிக் குற்றமாக அதைச் சேர்க்க வேண்டும் என்று 2024இல் வனுவாட்டு, ஃபிஜி, சமோவா முன்வைத்த கோரிக்கையை ஆதரிக்கிறோம்.

3. சூழல் காப்போரின் பாதுகாப்பை அரசின் கடமையாக்கும் எஸ்காசு ஒப்பந்தம் 2021இல் லத்தீன் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதுபோன்ற ஒப்பந்தம் ஆசியாவுக்கும் வேண்டும். அதற்கு இந்தியா முன்னின்று குரல் கொடுக்க வேண்டும்.

ஆற்றங்கரைகளில் கூடும் கிராம சபைகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். உங்கள் ஊர்ச் சபையில் ஆற்றைப் பற்றிய தீர்மானம் வரும்போது, அந்த ஆற்றில் தண்ணீர் எடுக்கும் பெண்கள் முதலில் பேசட்டும்.