குழந்தை நோயும் இரண்டாவது அபிப்பிராயமும்

நம் அங்கத்தினர் ஒருவர் கறவை மாடு வாங்கச் சந்தைக்குப் போனால், தரகர் சொல்லை மட்டும் நம்பி அச்சாரம் கொடுத்துவிடுவதில்லை. பல்லைப் பார்க்க ஒருவர், மடியைப் பார்க்க ஒருவர், ஈற்றுக் கணக்கை விசாரிக்க ஒருவர் என்று மூன்று பேரையாவது உடன் அழைத்துச் செல்கிறார். நெசவாள அங்கத்தினரும் அப்படியே. புதிய நூல் வந்தால் ஓர் இழையை இழுத்துப் பார்த்து, சாயம் நிற்குமா என்று நனைத்துப் பார்த்து, பக்கத்துத் தறிக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பாவு ஓட்டுகிறார். இவ்வளவு விசாரணைக்குப் பழகிய நாம், ஒன்றரை வயதுக் குழந்தை நோயுற்றுக் கிடக்கும்போது மட்டும், ஒரு டாக்டர் சொன்ன பிறகு இன்னொருவரைக் கேட்பது மரியாதையாகுமா என்று தயங்கி நின்றுவிடுகிறோம். அல்லது அதற்கு நேர்மாறாக, இரண்டு நாளில் மூன்று டாக்டர்களிடம் ஓடி, மூன்று பை மருந்துகளுடன் வீடு திரும்புகிறோம். இரண்டும் குழந்தைக்கு நன்மை செய்வதில்லை என்பது எமது கருத்து.

2024-ஆம் ஆண்டு ஐப்பசியில் எமக்குத் தெரிந்த நெசவாளர் குடும்பம் ஒன்றில் நடந்ததைக் கூறுகிறோம். தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தன. தறியில் இருந்த பாவை முடித்துச் சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைத்தால்தான் பண்டிகைச் செலவுக்குக் கூலி கிடைக்கும். அந்த வீட்டின் இளைய பெண் குழந்தைக்கு ஒரு வயது பத்து மாதம். கடுமையான ஜுரம் கண்டது. மறுநாளே டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பொறுமையாகச் சோதித்து, வைரஸ் ஜுரமாகத் தோன்றுகிறது, பாராசிட்டமால் கொடுங்கள், இரண்டு நாளில் ஜுரம் இறங்காவிட்டாலோ குழந்தை சோர்ந்துபோனாலோ மீண்டும் கொண்டுவாருங்கள் என்றார். நான்காம் நாள் ஜுரம் இறங்கிவிட்டது. பாட்டியார் திருஷ்டி சுற்றிப் போட்டு நிம்மதியடைந்தார். தகப்பனார் தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

ஆனால் தாய்க்கு மனம் ஒப்பவில்லை. குழந்தை விளையாடவில்லை, வயிற்றைத் தொட்டால் அழுதது, காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை, உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருந்தன. “ஜுரம்தான் விட்டுவிட்டதே, இப்போது போய் நின்றால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?” என்று வீட்டில் கேட்டார்கள். அந்த அம்மாள் மறு பேச்சுப் பேசாமல், மாலை பஸ்ஸிலேயே குழந்தையை அரசு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார். டெங்கு என்று கண்டுபிடித்து அன்றிரவே சேர்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் வீடு திரும்பிய குழந்தை இப்போது தறிக்கடியில் நூல்கண்டை உருட்டி விளையாடுகிறது. பாவு மட்டும் பண்டிகைக்குப் பின்னரே முடிந்தது.

இதில் முதல் டாக்டரைக் குறைகூற எமக்கு ஒன்றும் தென்படவில்லை. இரண்டாம் நாளில் டெங்கு ஜுரமும் சாதாரண வைரஸ் ஜுரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டெங்குவின் அபாயக் கட்டமே ஜுரம் இறங்கும் சமயத்தில்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வருகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் தாழ்ந்து, கைகால் குளிர்ந்துபோகிறது. டாக்டர் சொன்னதில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. வீட்டார் ஜுரத்தைப் பற்றியதை நினைவில் வைத்து, சோர்வைப் பற்றியதை மறந்துவிட்டார்கள். நோய் மாறிவிட்டது, டாக்டரின் பழைய வார்த்தை மட்டும் வீட்டில் மாறாமல் நின்றது.

ஆகவே இரண்டாவது அபிப்பிராயம் என்றால் வேறொரு டாக்டரைத் தேடுவது என்றே பொருள்கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலான சமயங்களில், அதே டாக்டரிடம் மறுபடி கொண்டுபோய், “நேற்று இப்படி இருந்தது, இன்று இப்படி இருக்கிறது” என்று சொல்வதே போதும். நல்ல டாக்டர் இதற்குக் கோபிக்கமாட்டார். கோபித்தாலும் பாதகமில்லை, அவர் கோபம் ஒரு நாழிகை. மறுபடி பார்த்த பிறகும் அவர் கூறும் காரணம் கண்ணெதிரே இருக்கும் குழந்தையின் நிலையோடு பொருந்தாவிட்டால், அல்லது அவர் கொடுத்த கெடுவிற்குள் குழந்தை தேறாமல் மேலும் நலிந்தால், அப்போது இன்னொரு குழந்தை மருத்துவரிடம் போவதில் குற்றமே இல்லை.

சில அறிகுறிகள் கண்டால், இவரிடமா அவரிடமா என்று ஆலோசிப்பதற்கே நேரம் கிடையாது. குழந்தை பாலோ தண்ணீரோ குடிக்க இயலாமல் போவது, உட்கொண்டதை எல்லாம் வாந்தியெடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் அல்லது துவண்டுபோதல் ஆகியவை கண்டால் உள்ளூர் வைத்தியத்தில் தாமதிக்காமல் 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். சளி, இருமல் உள்ள குழந்தைக்கு மூச்சை எண்ணிப் பார்ப்பதைத் தாய்மார்கள் எளிதில் கற்றுக்கொள்ளலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கையில், சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிஷம் எண்ணவேண்டும். ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை நிமிஷத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கக்கூடும். மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் இன்னும் அபாயம். “மூச்சு வாங்குகிறது” என்று சொல்வதைவிட “நிமிஷத்துக்கு 52” என்று சொல்லும் தாயின் பேச்சை எந்த டாக்டரும் அலட்சியம் செய்யமாட்டார். ஊடு எண்ணித் தறியில் உட்காரும் பெண்களுக்கு இந்த எண்ணிக்கை ஒரு பெரிய வித்தையா?

தாயின் சொல்லுக்கு இவ்வளவு இடம் கொடுக்கலாமா என்று சந்தேகிப்போர் இருக்கக்கூடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2007-ஆம் ஆண்டு ரயான் சாண்டர்ஸ் என்னும், மூன்று வயது நிறையாத குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இறந்துபோனான். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் கவலைப்பட்டுச் சொல்லியும் அது உரிய காலத்தில் கவனிக்கப்படவில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வந்த நோயை வேளையோடு கண்டுபிடிக்கவில்லை. அதன் விளைவாக அம்மாநில ஆஸ்பத்திரிகளில் ‘ரயான் விதி’ என்ற ஏற்பாடு 2013-ல் வந்தது. முதலில் நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லவேண்டும். திருப்தியில்லையென்றால் பொறுப்பு நர்ஸிடம். அதன் பிறகும் கவலை தீராவிட்டால் ஒரு டெலிபோன் எண்ணை அழைத்து வேறு மருத்துவர் வந்து பார்க்கவேண்டுமென்று பெற்றோரே கோரலாம். இங்கிலாந்திலும், 2021-ல் மார்த்தா மில்ஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி இறந்த பிறகு, இதைப் போன்ற ஏற்பாட்டை 2024 முதல் கொண்டுவந்திருக்கிறார்கள். வசதி மிகுந்த தேசங்களிலேயே, பெற்ற தாய் ‘இது என் குழந்தை வழக்கமாக இருக்கும் இருப்பு அல்ல’ என்று சொன்னால் அதை ஓர் அறிகுறியாக மதிக்கவேண்டுமென்று விதி எழுதவேண்டியிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நம்மில் பலர் டாக்டரை மாற்றுவது இம்மாதிரிக் காரணத்துக்காக அன்று. ‘அவர் ஊசியே போடவில்லை, என்ன டாக்டர் அவர்!’ என்பதற்காகவே மாற்றுகிறோம். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் எழுதித் தந்து, தாய்ப்பாலை நிறுத்தாதே என்று சொல்லி அனுப்பியவர் சரியான வைத்தியத்தையே செய்திருக்கிறார். அவரை விட்டு, குளுகோஸ் பாட்டில் ஏற்றும் இடத்தைத் தேடி ஓடுவது இரண்டாவது அபிப்பிராயம் ஆகாது. மருந்துக்கடைக்காரர் சொல்வதும், அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்து மீந்த சிரப்பும் அதில் சேரா. இப்படி ஓடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரே பாராசிட்டமால் வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் இரண்டு சீட்டுகளிலும் எழுதப்பட்டிருக்கும். தாய் இரண்டையும் கொடுப்பாள். அளவு மீறினால் அது ஈரலைக் கெடுக்கும். முந்தைய சீட்டை மறைத்துவிட்டு அடுத்த டாக்டரிடம் போகிறவர்கள், பரீட்சை வைப்பது டாக்டருக்கல்ல, குழந்தைக்கே.

வயிற்று நோயில் ஒன்றை மட்டும் விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறோம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சில வேளை குடலின் ஒரு பகுதி, சட்டைக்கை உட்புறமாகச் சுருண்டு செருகிக்கொள்வதுபோல, அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்கிறது. குழந்தை திடீரென்று காலை மடக்கி வீறிட்டு அழும், சிறிது நேரம் ஓய்ந்து ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், மறுபடி அழும். வாந்தி வரும். பின்னர் மலத்தில் சளியும் இரத்தமும் காணும். இடையிடையே ஓய்வதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மாந்தம் என்பார் ஒருவர். உரம் விழுந்தது என்பார் ஒருவர். தொக்கம் எடுக்க வேண்டும் என்று பக்கத்து ஊருக்குத் தூக்கிச் செல்வார் மூன்றாமவர். பெரியோர் அன்பினால் செய்வதை நாம் பரிகாசம் செய்யவில்லை. ஆனால் வேளையோடு சென்றால் இதைப் பல குழந்தைகளுக்கு அறுவையின்றியே, ஆசனவாய் வழியாகக் காற்றையோ திரவத்தையோ செலுத்திச் சரிப்படுத்திவிடுகிறார்கள். தாமதித்தால் குடல் அழுகிவிடுகிறது. டாக்டரே பார்த்து ‘சீதபேதி’ என்று சொல்லியிருந்தாலும், அழுகை இவ்விதம் விட்டுவிட்டு வருமானால் அன்றே மறுபடி காட்டத்தான் வேண்டும். டாக்டர் பார்க்கும் நேரத்தில் குழந்தை ஓய்ந்திருக்கக்கூடும் என்பதால், அழும்போது கைப்பேசியில் படம்பிடித்துக் கொண்டுபோவது நல்ல யோசனை.

அவசரமில்லாத நோய்களில் முறை வேறு. தொப்புள் பிதுங்கியிருப்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலைந்து வயதுக்குள் தானே சரியாகிவிடும். அரையில் இறங்கும் குடலிறக்கம் தானே சரியாகாது. அதற்கு அறுவை வேண்டும், அதிகம் தள்ளிப்போடவும் கூடாது. தாய்க்கு இரண்டும் வீக்கமாகவே தெரியும். இருதயத்தில் சிறு ஓட்டை என்றாலும் இப்படியே. தானே மூடிக்கொள்வனவும் உண்டு, காலத்தில் அடைக்கவேண்டியனவும் உண்டு. இத்தகைய விஷயங்களில், நகையை அடகு வைக்கும் முன் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் ஒருமுறை காட்டிக் கேட்பது புத்திசாலித்தனம். அங்கு அதற்குக் கட்டணம் இல்லை.

கேட்பது எப்படி என்பதில்தான் பலருக்குக் கூச்சம். “ஐயா, தங்கள்மேல் நம்பிக்கைக் குறைவால் அல்ல, மனம் ஆறுவதற்காக இன்னொரு குழந்தை டாக்டரிடமும் காட்ட நினைக்கிறோம், சோதனைக் காகிதங்களைக் கொடுங்கள்” என்று நேராகக் கேட்கலாம். நோயாளியின் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளில் உள்ளது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்திலும் இரண்டாவது அபிப்பிராயம் பெறும் உரிமை தனியாகக் கூறப்பட்டிருக்கிறது. உரிமை என்று சண்டைக்கு நிற்கவேண்டாம். இருப்பது தெரிந்திருந்தால் குரல் நடுங்காது, அவ்வளவே.

இனிச் சங்கத்தைப் பற்றிய பேச்சுக்கு வருகிறோம். இரவு ஒன்பது மணிக்கு, வேறு டாக்டரிடம் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் நடக்கும் விவாதத்தில் பாதி குழந்தையைப் பற்றியதல்ல. கையில் பணம் இல்லாததைப் பற்றியது. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசமானாலும், வண்டிச் செலவும் உடனிருப்போர் சாப்பாடும் ஓடாத தறியின் கூலியும் இலவசமல்ல. மஞ்சள் பயிரிடும் அங்கத்தினருக்கு உரம் வாங்கக் கடன் உண்டு; தறிக்கு நூல் வாங்க ஏற்பாடு உண்டு. நோயுற்ற குழந்தையோடு வாசலில் வந்து நிற்கும் அங்கத்தினருக்கு, ஜாமீன்தாரரைத் தேடச் சொல்லாமல், அடுத்த கூலியிலோ மகசூல் பணத்திலோ பிடித்துக்கொள்ளும்படி ஒரு சிறு தொகையை அன்றே கொடுக்க ஏன் வழியிருக்கக் கூடாது? மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு இருபது குடும்பங்கள் கேட்டாலும் அறுபதாயிரம். அதுவும் திரும்பி வரக்கூடிய பணம். செயலாளர் ஊரில் இல்லாத நாளில் யார் கொடுப்பது என்ற கேள்வி எழும். தெருவுக்கொரு நிர்வாகக்குழு உறுப்பினரிடம் இப்பொறுப்பை விடலாம் என்பது எமது யோசனை.

இதற்குத் துணைவிதிகளில் இடமிருக்கிறதா, திருத்தம் வேண்டுமா என்று நிர்வாகக்குழு பரிசீலித்து வருடாந்தரப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கவேண்டும் என்று கோருகிறோம். கூட்டத்துக்கு ஆண் அங்கத்தினர்கள் மட்டும் வந்து கையொப்பமிட்டுப் போகும் வழக்கத்தை இந்த ஒரு தடவையாவது விட்டு, வீட்டுப் பெண்களையும் அழைத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.