மிளகாய்க்குள் வைரஸ் ஊசியா?



"மிளகாய்ச் செடிக்கு வைரஸ் ஊசி போட்டு மரபணுவை அழிக்கிறார்கள், பச்சை மிளகாய் வாங்காதீர்கள்" என்று மூன்று நாளாக நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அனுப்பியவர்களில் இருவர் என்னிடமே தாவரவியல் படித்தவர்கள். கோபம் வராதா?

வைரஸ் உண்மை. அழிப்பதுதான் பொய். ஆய்வுக்கூடத்தில், புகையிலையைத் தாக்கும் ஒரு வைரஸுக்குள் மிளகாய் மரபணு ஒன்றின் சிறு துண்டைச் சேர்த்து இளஞ்செடிக்குள் விடுகிறார்கள். செடி எதிரியை அடையாளம் கண்டு அதன் ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது. அந்த வேகத்தில், அதே எழுத்து வரிசை கொண்ட தன் சொந்த ஆர்.என்.ஏ.வையும் வெட்டிவிடுகிறது. மரபணு இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் வேலை மட்டும் நிற்கும். வாத்தியார் லீவு போட்டால்தானே அவர் பள்ளியில் என்ன வேலை பார்த்தார் என்று தெரிகிறது! 2005இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இப்படித்தான் ஒரு மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள், காரம் குறைந்தது. அதுதான் காரத்துக்கான மரபணு என்று உறுதியானது. அந்த மிளகாய் எந்தச் சந்தைக்கும் வந்ததல்ல.

கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றியமைத்த வைரஸ் வெளியே போகக்கூடாது, அதற்கு 1989ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 2010இல் பி.டி. கத்தரிக்காயை நிறுத்தி வைத்தபோது சரி என்றவன்தான் நான். ஆனால் அது வயலுக்கு வர இருந்த விதை, இது சோதனைக் கருவி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களால் நியாயமான எதிர்ப்புக்கும் மரியாதை போகிறது.

நம் மிளகாயை நிஜமாகவே அழிப்பது இலைச்சுருள் வைரஸ். வெள்ளை ஈ பரப்புகிறது (நம் தென்னையில் இருக்கும் சுருள் வெள்ளை ஈ வேறு). செடியின் அந்த வெட்டும் தற்காப்பையே முடக்கும் புரதம் இந்த வைரஸிடம் உண்டு. எந்த மரபணு இதை எதிர்க்கிறது என்று தேட, நீங்கள் திட்டுகிற அதே முறைதான் சீக்கிரமான வழி. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடி சுருண்டு போனால் குறியீட்டைப் போட்டா குழம்பு வைப்பது? நம் மிளகாய்க்கு இந்த ஆய்வைச் செய்யுங்கள் என்று அல்லவா நீங்கள் சத்தம் போட வேண்டும்!

தோட்டம் வைத்திருக்கும் தம்பிமார்களுக்கு ஒன்று. இலைப்பேனால் சுருண்டால் மருந்து கேட்கும். வைரஸால் சுருண்ட செடிக்கு வாராவாரம் மருந்தடிப்பது காசுக்குக் கேடு. மருந்து ஈயைக் கொல்லும், உள்ளே போன வைரஸைத் தொடாது. அந்தச் செடியை இளசிலேயே பிடுங்கிப் புதையுங்கள். நாற்றங்காலுக்கு நைலான் வலை கட்டுங்கள், வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் போடுங்கள்.