தட்டுக்குக் கேட்காத சான்று கட்டிலுக்கு ஏன்?

தோழனே!

காவிரிக்கரைப் பள்ளிபாளையத்திலே நள்ளிரவில் நின்று கேட்டிருக்கிறாயா? ஊர் உறங்கும், தறி உறங்காது. அந்தத் தறியோசைதான் அங்குள்ள குழந்தைகளுக்குத் தாலாட்டு. அப்படி உறங்கும் குழந்தையொன்றின் மார்பில் காது வைத்த மருத்துவர், இதயத்தில் ஓட்டை என்கிறார்; அறுவைச் சிகிச்சை வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள். தந்தை தாயைப் பார்க்கிறான். தாய் தன் கழுத்தைத் தடவுகிறாள். அங்கே கயிறு இருக்கிறது, தங்கம் இல்லை!

நாடகமாயின் எளிது. கடைசிக் காட்சியில் கதாநாயகன் பணமுடிப்போடு ஓடிவருவான், திரை விழும், கைதட்டுவோம். நானும் அத்தகைய காட்சிகளை எழுதியவன்தான். ஆனால் வாழ்க்கையிலே ஓடிவருபவன் கதாநாயகன் அல்லன், கந்துவட்டிக்காரன்! அவனுக்குப் பின்னால் வருபவன் யார் என்பதை 2025ஆம் ஆண்டில் நாடு கண்டது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் தம் சிறுநீரகத்தையே விற்ற கொடுமை, அதே பள்ளிபாளையத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க நேர்ந்தது. அத்தனையும் மருத்துவக் கடன் என்று நான் கூறவில்லை. கடன் வாசலில் நிற்பவனை உள்ளே தள்ள ஒரு குழந்தையின் நோய் போதும் என்பதை யார் மறுப்பர்?

“அதற்குத்தான் காப்பீடு இருக்கிறதே!” என்பாய். இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது அறமாகாது. சிறார் இருதய அறுவைச் சிகிச்சைக்கென 2008இல் ஒரு திட்டம் வந்தது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் அது ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. ஆட்சிகள் மாறின, எண்ணம் நிலைத்தது.

இதன் பெருமை எது தெரியுமா? வரலாற்றைப் புரட்டிப் பார். பிரிட்டனில் லாயிட் ஜார்ஜ் 1911இல் கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்கு மருத்துவம் தந்தது. அவன் மனைவிக்கும் மகவுக்கும் தரவில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகன் அனூரின் பெவன் அமைச்சரான பிறகே, 1948இல், மருத்துவமனைக் கதவு எல்லார்க்கும் திறந்தது. அதே 1948இல் நம் நாட்டில் பிறந்த இ.எஸ்.ஐ. சட்டம், பத்துப் பேராவது பணிபுரியும் இடத்தைத்தான் எட்டிப் பார்த்தது. வீட்டோடு நான்கு தறி ஓட்டும் குமாரபாளையத்தானையும், குடிசையில் அமர்ந்து வெள்ளிக் கொலுசு செய்யும் சேலத்தானையும் அது எங்ஙனம் எட்டியிருக்கும்? சம்பளச் சீட்டு உள்ளவன் பிள்ளைக்கே சிகிச்சை என்ற வேலியை உடைத்தது நம் காப்பீடு!

உடைத்த இடத்திலே இன்னொரு கோடு கிழித்தார்கள். 2022 முதல் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்பது விதி. மாதம் பத்தாயிரம்! கணவன் பகலும் மனைவி இரவும் தறியோட்டிப் பதினோராயிரம் ஈட்டினால், அவர்கள் பிள்ளை கோட்டுக்கு அப்பால்! உண்மையைச் சொன்னால் அட்டை இல்லை. குறைத்துச் சொன்னால் உண்டு. பெற்ற பிள்ளையைக் காக்கப் பெற்றோரைப் பொய்யராக்குவதா விதி?

சேலத்து மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையும், 2022இல் திறந்த நாமக்கல் மருத்துவக் கல்லூரியும் யாருடைய வருமானத்தையும் கேட்பதில்லை, உண்மை. ஆயினும் பிஞ்சு இதயத்தின் அறுவைக்கும், காது கேளாப் பிள்ளையின் உள்காதுக் கருவிக்கும் தனியார் வாசலை மிதிக்க நேரும்போது, அட்டைதான் சாவி.

நாமக்கல்லிலிருந்து லாரியேறும் முட்டையை நினைத்துப் பார். அது சத்துணவுக் கூடத்துக்குப் போகிறது. தட்டை நீட்டும் குழந்தையிடம், “உன் தந்தையின் வருமானச் சான்று எங்கே?” என்று எந்த ஆயாவாவது கேட்டதுண்டா? 2022இல் தொடங்கிய காலை உணவுக்கும் கேட்கவில்லை. பசிக்குக் கேட்காத சான்றை நோய்க்குக் கேட்பானேன்?

“வசதியுள்ளவன் பிள்ளையும் நுழைந்துவிடுமே!” என்பர். 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு, 70 வயது நிரம்பிய முதியோர்க்கு வருமானம் கேளாமலே காப்பீடு என்றது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்க்கு வருமான வரம்பில்லை எனத் தமிழ்நாட்டுத் திட்டமே கூறுகிறது. நன்று, இரண்டும் நன்று! முதுமைக்கு வளைந்த கோடு மழலைக்கு மட்டும் இரும்பாய் நிற்பதா? பிள்ளைக்கு ஏது வருமானம்? ஆகவே நம் கோரிக்கை ஒன்றே: பதினெட்டு வயது வரை வருமானச் சான்று கேளாதே! கிராம சபைதோறும் இது தீர்மானமாகட்டும்.

அதுவரை கைகட்டி நிற்கலாமா? உன் தெருவில் இறங்கு. குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா, பார். தகுதியுள்ள குடும்பத்தோடு கிராம நிர்வாக அலுவலரிடம் செல். ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டு மையம் வரை துணை நில். கோழிப் பண்ணையிலும் செங்கற்சூளையிலும் உழைக்கும் வெளிமாநிலத்தவரும், ஆறு மாதத்துக்கு மேல் இங்கு வாழ்வதற்கான சான்றும் வருமானச் சான்றும் பெற்றால் சேரலாம். அவர் பிள்ளையும் பிள்ளைதான். நோய் வந்தபின் வரிசையில் நிற்காதே. வெள்ளம் வருமுன் அணை!

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, எத்தனை பிள்ளைகளின் பெயரைச் சேர்த்தாய் என்ற கணக்கோடு வா, தோழனே! கைதட்டல் மேடைக்கு, கணக்கு மக்களுக்கு.