வீட்டுக்கு எந்த எலக்ட்ரீஷியன்?

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு ஒரு எலக்ட்ரீஷியன் இருப்பார். வண்டி டேங்க் கவரில் ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர், ரெண்டு ரோல் இன்சுலேஷன் டேப். போன் போட்டால் சாயங்காலத்துக்குள் வந்து நிற்பார். ஃபேன் ஓடவில்லை என்றாலும் அவர்தான், போர் மோட்டார் எரிந்தாலும் அவர்தான், மாடியில் புதிதாக ரெண்டு ரூம் கட்டினால் வயரிங் இழுப்பதும் அவர்தான். எல்லாமே 'கரண்ட் வேலை' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. பிரச்னை ஆரம்பிப்பதே அங்கேதான்.

கண் வலிக்குப் பல் டாக்டரிடம் யாரும் போவதில்லை. கரண்ட் விஷயத்தில் மட்டும் அந்த வித்தியாசம் யாருக்கும் தோன்றுவதில்லை. ஐ.டி.ஐ.யில் பார்த்தால் எலக்ட்ரீஷியன், வயர்மேன் என்று ரெண்டு தனித்தனிப் படிப்புகள். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், மெஷின் பக்கம் எலக்ட்ரீஷியன் டிரேடில் அதிகம். கட்டட வயரிங் வயர்மேன் டிரேடின் முக்கியமான வேலை. ஏ.சி. மெக்கானிக் இன்னொரு டிரேட். அவர் ஏ.சி.யை மாட்டிவிட்டுப் போவாரே தவிர, 'பாயிண்ட் ரெடியா வச்சிருங்க சார்' என்று முதலிலேயே சொல்லிவிடுவார். அந்தப் பாயிண்டை யார் போட்டார்கள், எந்த வயரில் போட்டார்கள் என்பது அவர் கவலை இல்லை.

இது போதாதென்று ஈ.பி.காரர் வேறு. மின்வாரியத்திலும் வயர்மேன், லைன்மேன் என்று பதவிகள் இருப்பதால், அவர்களைக் கூப்பிட்டு வீட்டுக்குள் வேலை வாங்குவது கௌரவமான காரியமாகவே நடக்கிறது. 'ஈ.பி.ல இருக்கறவரே வந்து போட்டுக் கொடுத்தாரு' என்று பெருமையாகச் சொல்வார்கள். கம்பத்தில் ஏறத் தெரிந்தவருக்கு வீட்டு வயரிங்கும் தெரிந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிந்துவிடுகிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் அவர் செய்வது அவருடைய சொந்த வேலை. நாளைக்கு ஏதாவது ஆனால் வாரியம் வந்து பதில் சொல்லப் போவதில்லை.

சட்டம் இதில் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி, அதற்குப் பிறகு மத்திய மின்சார ஆணையம் 2010-ல் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், அவற்றை மாற்றி 2023-ல் வந்த புதியவை, எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. வயரிங் வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் கூட இருக்க வேண்டும். வேலை செய்பவரிடமும் அதற்கான அனுமதி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இவற்றைக் கொடுப்பது கிண்டியில் இருக்கும் மின் உரிம வாரியம். ஒப்பந்ததாரர் உரிமத்திலும் தரங்கள் உண்டு. ஹை டென்ஷன் லைன் வாங்கும் ஆலைக்கு 'ஈ.ஏ.' போன்ற மேல் தரம் வேண்டும். சாதாரண வீட்டுக்கு 'ஈ.பி.' தரம் போதும். (இந்த ஈ.பி. வேறு, மின்வாரிய ஈ.பி. வேறு. குழப்பத்துக்குப் பஞ்சமே இல்லை!)

அதே சட்டம் ஒரு விலக்கும் தருகிறது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாமான்கள், இவற்றைப் பழையது இருந்த இடத்தில் மாற்ற மேற்சொன்ன யாரும் தேவையில்லை. அந்த மாற்றத்தால் வயரிங்கின் தாங்கும் சக்தியும் தன்மையும் மாறக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஆக, தெரு எலக்ட்ரீஷியனின் வேலையில் பாதி சட்டப்படியே சரிதான். டியூப்லைட் மாட்ட உரிமதாரரைத் தேடி அலைவதும், அவர் கேட்கும் விசிட் சார்ஜைக் கொடுப்பதும் வெட்டிச் செலவு. பழையதை எடுத்துவிட்டு அதே மாதிரி ஒன்றைப் போடுவது ஒரு வகை வேலை. இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பது வேறு வகை. ஆள் மாற வேண்டியது இந்த இடத்தில்தான்.

கீசரை எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டு வயரிங்கில் ஒரு லைட் சர்க்யூட்டுக்குப் பத்துப் பாயிண்ட், 800 வாட் என்பது பொதுவான கணக்கு. கீசர் 2000 வாட். 230 வோல்ட்டில் வகுத்தால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். பாத்ரூமில் ஏற்கெனவே ஒரு லைட் பாயிண்ட் இருக்கிறது, அதிலிருந்து ஒரு ஜாயிண்ட் அடித்து, புதிதாக ஒரு பெரிய சாக்கெட்டை வைத்துவிட்டால் கீசர் வேலை செய்யத்தான் செய்யும். தண்ணீர் சுடும். வீட்டுக்காரர் சந்தோஷமாகக் காசு கொடுப்பார். சுவருக்குள் இருக்கும் ஒல்லி வயரும், டேப் சுற்றிய அந்த ஜாயிண்டும் மட்டும் தினமும் காலையில் சூடாகிக் கொண்டிருக்கும். அந்த லைட் பாயிண்டில் எர்த் வயரே இல்லாமலும் இருக்கலாம், பழைய வீடுகளில் இது சகஜம். அப்போது சாக்கெட்டின் மேல் துளை வெறும் அலங்காரம். ஒரு வயர்மேன் செய்திருந்தால் மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 அல்லது 4 சதுர மி.மீ. வயர், கூடவே பச்சை எர்த் வயர், தனி எம்.சி.பி. என்று போயிருப்பார். செலவு மூன்று மடங்கு ஆகும், அதுவும் உண்மைதான்.

இதைவிட மோசமான கதை ஆர்.சி.சி.பி.யுடையது. எம்.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்காது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியர். மனிதனைக் கொல்ல இதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. இதைப் பழைய வீட்டில் மாட்டினால் முதல் நாளே விழ ஆரம்பிக்கும். எங்கோ ஒரு இடத்தில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக் கொண்டிருக்கும், அல்லது ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றுக்குக் கடன் வாங்கியிருப்பார்கள், அல்லது ஈரச் சுவரில் வயரின் இன்சுலேஷன் போயிருக்கும். அந்தக் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்து, வீட்டில் ஒரு தப்பு இருக்கிறது என்று சொல்கிறது. வந்தவர் என்ன சொல்வார் தெரியுமா?

'மேடம், இது ரொம்ப சென்சிட்டிவ். சும்மா சும்மா டிரிப் ஆகும். நான் டைரக்ட் குடுத்துடறேன், பிரச்னை இருக்காது.'

பிரச்னை இருக்காதுதான். யாராவது ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொடும்வரை.

அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றி மெக்கர் வைத்துப் பார்க்க வேண்டும். அவரிடம் இருப்பது டெஸ்டர். டெஸ்டர் கரண்ட் வருகிறதா என்று மட்டும் சொல்லும், எங்கே கசிகிறது என்று சொல்லாது. கூப்பிடுகிற ஆள் எந்த வகை என்று தெரியாதவர்கள் போனில் ஒரு கேள்வி கேட்கலாம், 'மெக்கர் வச்சிருக்கீங்களா?' என்று. பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஜார்ஜ் அகெர்லாஃப் பெயர் தெரிந்திருக்கும். பழைய கார் சந்தையை வைத்து 1970-ல் ஒரு கட்டுரை எழுதி, 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர். விற்பவருக்குச் சரக்கின் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தர மறுக்கிறார், நல்ல சரக்கு வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுகிறார். சுவருக்குள் பூசி மூடிய வயரிங்கைவிட இதற்குப் பொருத்தமான உதாரணம் கிடைக்குமா? டைல்ஸ் கோணலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். வயர் சைஸ் குறைந்தால் பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் ஒரு ஸ்விட்ச் பிளேட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பவர், எர்த் பைப் போடும் செலவில் பேரம் பேசுகிறார்.

இந்த மாதிரிச் சந்தைக்கு மருந்தாக வந்ததுதான் லைசென்ஸ். வாங்குபவர் பார்க்க முடியாததை, பார்க்கத் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். தனி வீட்டுக்கு மின் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பது வழக்கமில்லை. எனவே புதுச் சர்வீஸ் வாங்கும்போது ஒப்பந்ததாரர் கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்தான் பெரும்பாலும் ஒரே சோதனை. அந்தக் கையெழுத்தையும் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக் கொள்ளும் பழக்கம் இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். வயரிங் செய்தவர் ஒருவர், வீட்டையே பார்க்காமல் சீல் குத்தியவர் இன்னொருவர். வீட்டுக்காரருக்கு அது ஒரு ஃபார்மாலிட்டி. கட்டிடத்துக்கு லட்சக்கணக்கில் செலவழித்தவர், தனக்காகப் போடப்படும் ஒரே சோதனையைத் தானே காசு கொடுத்துத் தள்ளுபடி செய்து கொள்கிறார்.

லைசென்ஸ் இல்லாதவர்கள் எல்லாம் வேலை தெரியாதவர்கள் என்பதல்ல வாதம். இருபது வருஷம் கை பழகியவர்களில் பலரிடம் ஒரு பேப்பரும் இருக்காது. அவர்களுக்காகவே மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை அரசு நடத்துகிறது. ஐந்து வருஷ அனுபவமும் 21 வயதும் அதற்குக் கேட்கிறார்கள். அது தெரியாமலே தொழிலில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். தெரிந்தாலும், சான்றிதழைக் காட்டச் சொல்லி எந்த வீட்டுக்காரரும் கேட்காதபோது அவர் எதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பரீட்சை எழுதப் போகிறார்?

கேட்க வேண்டியவர்களில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. நாலைந்து கல்லூரிப் பசங்க சேர்ந்து எடுத்திருக்கும் மாடி வீட்டில் அயர்ன் பாக்ஸ் சுருக்கென்று இழுக்கிறது என்றால், ஓனர் 'நம்ம பையனை அனுப்பறேன்' என்பார். பையன் வந்து பிளக்கை மாற்றிவிட்டுப் போவான். அவன் வருவதற்கு முன் மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்து, அதில் 'டி' என்று போட்டிருக்கும் சின்னப் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்க்கலாம். சரியாக இருந்தால் உடனே விழும். விழவில்லை என்றாலோ, அப்படி ஒன்றே போர்டில் இல்லை என்றாலோ, ஓனரிடம் பையனை அனுப்ப வேண்டாம், லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரரிடம் சொல்லி வயர்மேனை வரச் சொல்லுங்கள், பில்லோடு, என்று சொல்லிவிடலாம்.