விசேஷக் கார் சேமிப்பாகுமா?



"இது விசேஷத் தயாரிப்பு. கொஞ்சம்தான் செய்திருக்கிறார்கள். இப்போது வாங்கி வைத்தால் பின்னால் நல்ல விலைக்குப் போகும்." கார் பார்க்கப் போகும் குடும்பங்களிடம் சொல்லப்படும் ஆசை வார்த்தை இது. கூடவே சில ஆயிரம் வெள்ளி அதிகமாகவும் கேட்பார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைக்குமுன் இது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

நம் நாட்டுக் கார்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005 வாக்கில் புரோட்டோன் நிறுவனம் சத்ரியா ஆர்3 என்ற காரில் 150 மட்டுமே செய்தது. 2010-இல் மலேசியரின் லோட்டஸ் ரேசிங் அணி பார்முலா 1 பந்தயத்தில் இறங்கியபோது, அதன் பெயரால் சத்ரியா நியோ ஆர்3 கார்கள் 25 மட்டும் வந்தன. இவற்றைத் தேடுவோர் இன்றும் உண்டு. எண்ணிக்கை சொற்பம்; அதோடு எஞ்சினிலும் ஓட்டத்திலும் மெய்யான வேறுபாடு இருக்கிறது.

2020-இல் சாகாவின் 35-ஆம் ஆண்டு நிறைவுக்கு 1,100 கார்கள் விசேஷமாக வெளிவந்தன. நிறமும் அலங்காரமும் புதிது. எஞ்சினோ மற்ற சாகாக்களுக்கு உள்ளதுதான். அழகான கார்தான். ஆனால் அலங்காரத்துக்காக மட்டும் நாளை ஒருவர் கூடுதல் விலை கொடுப்பார் என்று நம்பிக் கடன் வாங்கலாமா?

வேடிக்கை என்னவென்றால், 1985 ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமான முதல் சாகாவை யாரும் சேர்த்து வைப்பதற்காக வாங்கவில்லை. ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்த ஷா ஆலாமில் எழுந்த தொழிற்சாலையிலிருந்து வந்த அந்தக் கார், டாக்சியாக ஓடியது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியது. துருப்பிடித்துப் பழைய இரும்புக்கும் போனது. அதனால்தான் பழுதில்லாத பழைய சாகாவுக்கு இப்போது மதிப்பு. முதலில் செய்த சாகா, பிரிக்பீல்ட்சுக்கு அருகிலுள்ள தேசியப் பொருட்காட்சிசாலைக்கே போய்விட்டது. பலர் நேசித்து, சிலதே மிஞ்சினால்தான் ஒரு பொருள் அரிதாகும். எல்லாரும் முதல் நாளிலிருந்தே பொத்திப் பொத்தி வைப்பது எப்படி அரிதாகும்?

வைத்துக் காப்பதும் சுலபமல்ல. சாலை வரி, காப்புறுதி, ஒன்பது ஆண்டு வரை நீளும் தவணை, அதற்கு வட்டி! ஓட்டாமல் நிறுத்தினாலும் பேட்டரி சாகும். நம் மழைக்கும் புழுக்கத்துக்கும் இரும்பு துருவேறும். வெயிலில் கிடக்கும் ரப்பர் வெடித்துப் போவதைப் பற்றி, பால்வெட்டிய குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பவுன் நகையை அவசரத்துக்கு அடகு வைக்கலாம். விசேஷக் காருக்கோ அதன் அருமை தெரிந்தவர் வந்தால்தான் விலை.

ஆகவே, புதுக் காரை உங்கள் தேவைக்கு வாங்குங்கள். லாபக் கணக்குப் போட்டு வாங்காதீர்கள். வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் பழைய சாகா நிற்கிறதா? இரும்புக்கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். அசல் நிறத்தை மாற்றாதீர்கள். கழற்றிய பாகங்களை வீசாதீர்கள். பதிவுப் பத்திரத்தையும் பட்டறை ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். விலை ஏறினால் நல்லது. ஏறாவிட்டாலும், குடும்பத்தைச் சுமந்த கார் வீட்டில் இருக்கும், கடன் இருக்காது.