மணலுக்கு உண்டு மதிப்பு, மாணவனுக்கு?

தம்பி!

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நின்று மணலை அள்ளிப் பார்த்திருக்கிறாயா? கறுத்திருக்கும், கனத்திருக்கும். வெறும் மண்தானே என்று வீசிவிடாதே! 1909ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்ற செருமானியர் அந்த மணலிலேதான் மோனசைட்டைக் கண்டார். மோனசைட்டிலுள்ள தோரியம், அந்நாளில் எரிவாயு விளக்குகளின் மேண்டிலுக்கு உயிர்ப்பொருள். நாஞ்சில் நாட்டு மணல் நெடுந்தொலைவுப் பட்டணங்களுக்கு ஒளி தந்தது!

இன்று அங்கே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை நிற்கிறது. மணல் எடுப்பதால் விளையும் கேடு பற்றிய வழக்கு வேறு. அதனை இன்னொரு நாள் பேசுவோம். மணலைப் பிரிக்கும் முறையை மட்டும் இன்று கேள். காந்தத்தால் இழுபடுவது இல்மனைட். மின்சாரத்தைக் கடத்தும் இயல்பால் பிரிவது ரூட்டைல். காந்தத்துக்கும் வராது, மின்சாரத்தையும் கடத்தாது ஜிர்கான். அதற்கும் தனி வழி உண்டு. "காந்தத்தில் ஒட்டவில்லை, ஆகவே இது குப்பை" என்று எவரும் கொட்டிவிடுவதில்லை!

மணலுக்குக் காட்டும் அந்த மரியாதை மாணவனுக்குக் காட்டப்படுகிறதா, தம்பி?

சின்னவிளை மீனவர் மகனும், கயிறு திரிப்பவர் மகளும் பேருந்தேறி நாகர்கோவிலுக்குச் சென்று படிக்கிறார்கள். இறுதியாண்டிலே நேர்காணல் மேசை முன் நிறுத்தப்படுகிறார்கள். அங்கே இருப்பதோ பல இடங்களில் ஒரே காந்தம் – ஆங்கில நாக்கு! ஒட்டினால் உள்ளே, ஒட்டாவிட்டால் வெளியே! கணக்கிலே புலியா? இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டே பழுதினைச் சொல்வானா? கேட்பாரில்லை. அதன் பிறகு மாநாடு கூட்டி, "பட்டதாரிகளுக்குத் தகுதி இல்லை" என்று தீர்ப்பும் எழுதுகிறார்கள் தனவான்கள்!

நான் நாடகக்காரன். ஒத்திகை காணாதவனை மேடையேற்றி, அவன் வசனம் தடுமாறினால், குற்றவாளி நடிகனல்ல. ஒத்திகை நடத்தாத ஆசான்! மூன்றாண்டு சும்மா இருந்துவிட்டு, மூன்று நாள் பயிற்சி தந்து, கழுத்திலே டை கட்டி, "போ, வென்று வா" என்றால் வெற்றி வருமா, வேதனை வருமா?

தகுதி பேசும் கனவான்களுக்கு ஒரு கேள்வி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தைப் படித்ததுண்டா? முப்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம், தன் பணியாளர் தொகையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்த்து, உதவித்தொகையும் தந்து, தொழில் பழக்க வேண்டும் என்கின்றன அச்சட்டத்தின் கீழ் 2019இல் திருத்தப்பட்ட விதிகள். 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் படிக்காத பட்டதாரிக்கும் அந்தக் கதவைத் திறந்தது. பழக்கும் கடமை உமக்கும் உண்டு! கடமையை மறந்தவர் தகுதியைப் பற்றிப் பேசலாமோ?

2022 மார்ச் முதல் நாள் தமிழ்நாடு அரசு தொடங்கிய "நான் முதல்வன்" திட்டம், திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்தது. நல்ல விதை. அது முதலாண்டிலேயே ஊன்றப்பட வேண்டும். ஆலைக்கும் அலுவலகத்துக்கும் மாணவன் ஆண்டுதோறும் சென்று பழக வேண்டும்.

ஆங்கிலம் வேண்டாமா? வேண்டும், தம்பி! கருவியாகக் கற்றுக்கொள், கிரீடமாக எண்ணாதே. விண்ணப்பம் எழுதப் பழகு. அதனோடு, பணி நியமன ஆணையை வரிவரியாகப் படிக்கவும் பழகு. சம்பளம் எவ்வளவு, வேலை எத்தனை மணி, வருங்கால வைப்பு நிதி உண்டா என்று கேள். அசல் சான்றிதழை ஒப்படை என்றால், ஏன் என்று கேள்! வணங்க மட்டும் கற்றுத்தருவது பயிற்சியல்ல. வினவவும் கற்றுத்தருவதே பயிற்சி.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பட்டத்தின் அருமை, அதனைப் பெறாதவனுக்கு நன்றாகவே தெரியும். பட்டினி கிடந்து உன் பெற்றோர் வாங்கித்தரும் அந்தப் பட்டத்தைப் பயனற்ற தாளென்று எவன் சொன்னாலும் தலைகுனியாதே. "என்னைப் பழக்க நீ என்ன செய்தாய்?" என்று நிமிர்ந்து கேள், தம்பி!