வந்தவர்களின் வரலாறும் இருந்தவர்களின் கல்லும்

வட ஆப்பிரிக்காவின் பழங்காலம் பற்றி நம் இலக்கியச் சூழலில் பேச்செழும்போதெல்லாம் ஒரே வரிசை ஒப்பிக்கப்படுகிறது. முதலில் ஃபினீஷியர் வந்தனர், கார்த்தேஜ் எழுந்தது. பின்னர் ரோமானியர் வந்தனர், நகரங்கள் எழுந்தன. ஏழாம் நூற்றாண்டில் அரபியர் வந்தனர். 1830இல் பிரெஞ்சுக்காரர் வந்தனர். இவ்வரிசையில் எல்லோரும் வந்தவர்களே. அங்கேயே இருந்தவர் எவருமில்லை. இதை வரலாறு என்று நாம் ஏற்பதற்கில்லை. இது நிலத்தைப் பறித்தவன் தனக்குத்தானே எழுதிக்கொண்ட பட்டா.

அந்தப் பட்டா எழுதப்பட்ட விதத்தைச் சற்றுப் பார்ப்போம். அல்ஜீரியாவின் பழஞ்சின்னங்களை முதலில் அளந்தவர்களில் பலர் பிரெஞ்சுப் படையதிகாரிகள். ரோமின் மூன்றாம் அகஸ்டா படைப்பிரிவு பாசறை கொண்டிருந்த லம்பேசிஸில், 1840களின் இறுதியில் கர்னல் கார்புசியா, ரோமானியப் படைத்தலைவன் ஒருவனின் சிதைந்த கல்லறையைத் தம் வீரர்களைக் கொண்டு எடுத்துக்கட்டி, அதற்குப் படைமரியாதையும் செய்வித்தார். இறந்துபோன ஆக்கிரமிப்பாளனுக்கு உயிரோடிருக்கும் ஆக்கிரமிப்பாளன் செலுத்திய வணக்கம் அது. அதே பாசறை நிலத்தில் பின்னர் பிரெஞ்சுச் சிறைச்சாலை எழுந்தது. 1881 முதல் தோண்டியெடுக்கப்பட்ட டிம்காட், கி.பி. 100 அளவில் பேரரசன் திராஜன் பணிமுடித்த போர்வீரர்களுக்காக அமைத்த குடியேற்ற நகரம். பிரெஞ்சுக் குடியேறிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோர் கிடைப்பார்களா? நாவலாசிரியர் லூயி பெர்த்ரான் இதையே ‘இலத்தீன் ஆப்பிரிக்கா’ என்ற கோட்பாடாக்கினார்: பிரான்சு அந்நிய நாட்டைக் கைப்பற்றவில்லை, இழந்துபோன தன் மாகாணத்தை மீட்டது. அகழாய்வுக் கடப்பாரை இங்கே அறிவின் கருவியாக மட்டும் இருக்கவில்லை என்பதை இதற்குமேலும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கற்கள் வேறு கதையும் சொல்கின்றன. துனிசியாவின் டுக்காவில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நுமிடியக் கல்லறைக் கோபுரம் ஒன்றுண்டு. அதிலிருந்த கல்வெட்டு பியூனிக், லிபிகம் என இரு மொழிகளில் பொறிக்கப்பட்டது. இரண்டாவது, ‘பெர்பர்’ என்று பிறரால் அழைக்கப்பட்டு, தம்மை ‘அமாசிக்’ என்று அழைத்துக்கொள்ளும் மக்களின் தொல்லெழுத்து. 1842இல் பிரிட்டிஷ் தூதர் தாமஸ் ரீட், அந்தக் கல்வெட்டைப் பெயர்த்தெடுப்பதற்காகக் கோபுரத்தையே இடித்தார். கல்வெட்டு இன்றும் லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோபுரம் 1908 முதல் 1910 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் புவான்சோவால் மீண்டும் எழுப்பப்பட்டது. அதே ஊரின் மற்றொரு இருமொழிக் கல்வெட்டு, கி.மு. 139 அளவில் நுமிடிய மன்னன் மாசினிசாவுக்கு அவ்வூரார் கோயில் எடுத்ததைப் பதிவு செய்கிறது. அரசும் நகரமும் எழுத்தும் ரோமின் ஆட்சிக்கு முன்பே அங்கிருந்தன என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

ரோமின் காலத்திலும் அம்மக்கள் மறைந்துவிடவில்லை. முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே இலத்தீன் நாவலை எழுதிய அபுலியஸ், தம்மைப் பாதி நுமிடியன், பாதி கெதூலியன் என்றே சொல்லிக்கொண்டார். தகாஸ்தேயில் 354இல் பிறந்த அகஸ்டின், பியூனிக் பெயர்களை எள்ளிய ஒருவருக்குக் கடிந்து மடலெழுதினார். இவர்களை ‘ரோமானிய எழுத்தாளர்’ என்று மட்டும் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகும் நம் பழக்கம், பெர்த்ரானின் பட்டாவில் நாமும் சாட்சிக் கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும்.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. 1962இல் விடுதலை பெற்ற அல்ஜீரிய அரசு, அரபையும் இஸ்லாத்தையும் நாட்டின் அடையாளமாக முன்னிறுத்தி, அமாசிக் மொழியை ஒதுக்கியது. பண்டைக் கபிலியக் கவிதை பற்றி எழுத்தாளர் மூலூத் மம்மெரி 1980 மார்ச்சில் திசி ஊசுவில் ஆற்றவிருந்த உரை தடைசெய்யப்பட்டது. பழங்கவிதை பற்றிய ஓர் உரைக்கு அரசு அஞ்சியது; அத்தடையிலிருந்து ‘பெர்பர் வசந்தம்’ கிளர்ந்தது. அம்மொழி 2002இல் தேசிய மொழியாகவும், 2016இல் ஆட்சிமொழியாகவும் ஏற்கப்பட்டது. முற்காலத்தைக் கைவிட்ட ஒவ்வொரு ஆண்டும், அது காலனியவாதிக்கே சொந்தம் என்று ஒப்புக்கொண்ட ஆண்டுதான்.

இங்கேதான் நம்மவர் சிலர் குறுக்கு வழியில் இறங்குகின்றனர். ‘இஸ்லாம் வந்து பழமையை அழித்தது, ஐரோப்பியர் வந்து மீட்டனர்’ என்பது அவர்கள் வாதம். இது பெர்த்ரானின் குரலே அன்றி வேறில்லை. பெர்பர் மக்களின் வரலாற்றைப் பதினான்காம் நூற்றாண்டில் விரிவாக எழுதியவர் இப்னு கல்தூன் என்னும் இஸ்லாமிய அறிஞர். காலனிய ஆட்சியின் நடுவே, 1928இல், பழங்காலத்தையும் உள்ளடக்கிய அல்ஜீரிய வரலாற்றை அரபு மொழியில் வெளியிட்டவர் இஸ்லாமியச் சீர்திருத்த இயக்கத்தைச் சேர்ந்த முபாரக் அல்-மீலி. இவ்விருவருக்கும் முற்காலமும் பிற்காலமும் ஒரே மக்களின் கதையாகவே இருந்தன. மதம் மாறியதால் மக்கள் மாறிவிடுவதில்லை. ‘இஸ்லாத்துக்கு முன்’ என்பது ஒரு காலக்குறி. அதை மதிலாக எழுப்பியது காலனியம்.

பிரெஞ்சு ஆய்வாளர்களின் உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிபிகக் கல்வெட்டுகளைத் தொகுத்தளித்த ஷாபோ போன்றோருக்கு நாம் கடன்பட்டவர்களே. ஆனால் சான்றைத் தந்தவருக்கு நன்றி சொல்வது வேறு. அவருடைய அரசு அச்சான்றுக்குச் சொன்ன பொருளை ஏற்பது வேறு.

லண்டனிலுள்ள அந்த டுக்காக் கல்வெட்டு, கல் வேலை செய்தோர், மர வேலை செய்தோர், இரும்பு வேலை செய்தோர் ஆகியோரின் பெயர்களைச் சுமந்து நிற்கிறது. பேரரசன் எவனுடைய பெயரும் அதில் இல்லை. வட ஆப்பிரிக்காவின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் நண்பர்களுக்கு நம் விடை இதுதான்: அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.